கை கொடுக்கச் சொல்வதற்கு முன்

தவக்காலம் முடியும் வாரத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களின் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகங்களில்) அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. கிணற்றுப் பங்கிலோ பாகப்பிரிவினையிலோ மனம் முறிந்து, வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் இரண்டு குடும்பத்தாரைப் பெரியவர்கள் கோயில் வாசலில் கூப்பிட்டு நிறுத்துவார்கள். "பெரிய வெள்ளி வருது. ஆண்டவர் முகத்துக்காகவாவது கை குடுத்துக்குங்க." இருவரும் கை கொடுப்பார்கள். சுற்றி நிற்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். உயிர்ப்புப் பெருவிழாவின் இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு முடிந்த மறுநாள் காலையில் மோட்டார் பெட்டியில் பழைய பூட்டு மறுபடி தொங்கும்.

கை கொடுத்தவர்கள் நடித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்த நிமிஷத்தில் அவர்களுக்கு உண்மையாகவே மனம் இளகியது. ஆனால் அவர்களிடம் கேட்கப்பட்டது ஒப்புரவின், அதாவது பகைத்தவர்கள் மறுபடி சேர்வதன், கடைசிப் படி. அதற்கு முந்திய படிகளில் ஒன்றுகூட ஏறவில்லை. என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, யார் எதை இழந்தார் என்று பேசவில்லை, இழந்தது எப்படித் திரும்பும் என்றும் தெரியாது.

இந்தத் தவறை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் இராபர்ட் ஷ்ரைட்டர் (1947–2021). அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு, திருஇரத்த மறைபரப்பாளர் சபையைச் சேர்ந்தவர். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் எட்வர்ட் ஸ்கிலபேக்ஸிடம் இறையியல் படித்தார். சிகாகோ கத்தோலிக்க இறையியல் ஒன்றியத்தில் பல பத்தாண்டுகள் கற்பித்தார். ஒவ்வொரு மண்ணும் தன் வாழ்விலிருந்தே இறையியலை எடுக்க வேண்டும் என்று 1985-இல் எழுதினார். பிறகு 1992-இலும் 1998-இலும் ஒப்புரவைப் பற்றி இரண்டு சிறிய நூல்கள். பெர்லின் சுவர் விழுந்து, சிலியில் இராணுவ ஆட்சி முடிந்து, தென்னாப்பிரிக்காவில் நிறவெறிச் சட்டங்கள் சரிந்துகொண்டிருந்த காலத்தில் வந்தது முதல் நூல். இனி எப்படிச் சேர்ந்து வாழ்வது என்ற கேள்வி பல நாடுகளில் ஒரே சமயத்தில் எழுந்தது. கத்தோலிக்கத் துயர்துடைப்பு நிறுவனமான உலகக் காரித்தாஸ் அமைப்புக்கும் சமாதானப் பணியில் அவர் ஆலோசகராக இருந்தார்.

ஒப்புரவு போலத் தோன்றி ஒப்புரவைக் கெடுப்பவை என்று 1992 நூலில் அவர் மூன்றைச் சொல்கிறார். முதலாவது அவசர சமாதானம். நடந்ததை மூடிவிட்டு, "விடு, ஆனது ஆச்சு" என்று நகர்வது. பெரும்பாலும் இதை வேண்டுபவர்கள் காயப்படுத்தியவர்கள், அல்லது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இரண்டாவது, விடுதலைக்குப் பதிலாக ஒப்புரவு. கல்லறைத் தோட்டத்தில் இரண்டு சாதிக்கு நடுவே சுவர் நிற்கும்போது, சுவரைத் தொடாமல் இருபக்கமும் நின்று சமாதானம் சொல்லிக்கொள்வது இந்த வகை. மூன்றாவது, ஒப்புரவைத் தொழில்நுட்பமாக எண்ணுவது. நாலு தடவை உட்காரவைத்துப் பேசினால் முடிந்துவிடும், நல்ல நடுவர் கிடைத்தால் போதும் என்ற நம்பிக்கை. பங்குகளில் நாங்கள் அதிகம் பார்ப்பது முதலாவது. படித்த இளைஞர்கள் பொறுப்பேற்கும் இடங்களில் மூன்றாவது.

அவசர சமாதானத்துக்கு எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள தருமபுரி மாவட்டத்திலேயே வாச்சாத்தி இருக்கிறது. அது கிறிஸ்தவ ஊரோ திருச்சபை நடத்திய காரியமோ கிடையாது. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்பதே நெடுநாள் அதிகாரத்தின் பதில். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நடந்தது நடந்ததுதான் என்று அரசு ஏட்டில் ஏறவே 19 ஆண்டு ஆனது. அந்த 19 ஆண்டில் எந்த வருஷத்திலாவது அந்தப் பெண்களிடம் போய் "மன்னித்துவிடுங்கள், மறந்துவிடுங்கள்" என்று ஒரு சாமியாரோ சமூக சேவகரோ சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய அநியாயம்! நடந்ததை நடக்கவில்லை என்று மறுப்பதையே ஷ்ரைட்டர் பொய்யின் கதை என்கிறார். வன்முறை உடம்பைக் காயப்படுத்துவதோடு நிற்பதில்லை. உனக்கு நடந்தது நடக்கவே இல்லை, நடந்திருந்தாலும் நீ அதற்குத் தகுந்தவள்தான் என்று வேறொரு கதையைத் திணிக்கிறது. அந்தக் கதை உடையாமல் ஒப்புரவு தொடங்காது.

வீட்டுச் சண்டையிலும் இந்தக் கதை உண்டு. அளவில்தான் சிறியது. "எங்க தலையெழுத்து அப்படி", "நான்தான் வாய் நீட்டிட்டேன்", "கடைசிப் பையனுக்குக் கல்லாங்காடுதான்" என்று காயப்பட்டவரே சொல்வார். அதைத் தன்னடக்கம் என்று நினைத்துப் பாராட்டிவிடக் கூடாது.

இனி, ஷ்ரைட்டரின் எழுத்தில் எளிதாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம். ஞாயிறு மறைக்கல்வியில் நாம் படித்த வரிசை வேறு. பாவத்தை நினைவுகூர்தல், மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் அறிக்கை, அபராதத் தீர்ப்பு. தவறு செய்தவரே முதல் அடி எடுத்து வைக்கிறார். ஊர்ப் பகையில் அவர் அந்த அடியை எடுக்கவே மாட்டேன் என்றால்? காயப்பட்டவர் சாகும்வரை அவருடைய மனமாற்றத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டுமா? ஷ்ரைட்டர் வரிசையைத் திருப்பிப் போடுகிறார். ஒப்புரவைத் தொடங்குபவர் கடவுள். அவர் தொடங்கும் இடம் காயப்பட்டவரின் உள்ளம். இழந்த மனிதத்தன்மையை அங்கே மீட்டுக் கொடுக்கிறார். அந்த மீட்பிலிருந்து மன்னிப்பு பிறக்கலாம், அந்த மன்னிப்பைக் கண்டு தவறு செய்தவர் மனம் மாறலாம். இதனால்தான் ஒப்புரவு ஒரு உத்தி என்பதைவிட ஆன்மிகம் என்று அவர் அழுத்திச் சொல்கிறார். நம்மால் உண்டாக்க முடியாத ஒன்றுக்கு இடம் ஒருக்கிக் கொடுத்துக் காத்திருப்பதே நம் வேலை.

இதை அரைகுறையாகப் படித்தவர்கள் காயப்பட்டவரிடம் போய், "நீங்க முதல்ல மன்னிச்சா அவங்க திருந்துவாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பணியில் நடக்கக்கூடிய மிக மோசமான தவறு இது. அருளால் நடப்பதைக் கடமையாக மாற்றி, ஏற்கனவே சுமப்பவர் தலையிலேயே இன்னொரு மூட்டையை ஏற்றுகிறது. மன்னிப்பை யாரும் கேட்டு வாங்கக் கூடாது. ஒப்புரவுக்கு உதவப் போகும் குழுவில் இருப்பவர் வாயிலிருந்து அந்தச் சொல் முதலில் வரவே கூடாது. மறக்கச் சொல்வதும் அப்படியே. மறப்பது ஷ்ரைட்டர் சொல்லும் மன்னிப்பில் இல்லை. நினைவு இருக்கும், ஆனால் வேறு விதமாக இருக்கும். வேதனை ஆளாத நினைவு.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா என்ற கேள்விக்கு 1998 நூலில் பதில் இருக்கிறது. உயிர்த்த ஆண்டவர் தோன்றிய நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கிறார். கல்லறை வாசலில் மகதலா மரியா, எம்மாவு வழியில் இரண்டு சீடர்கள், காயத்தைத் தொட்டுப் பார்க்கக் கேட்ட தோமா, கடைசியாக யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தின் காலை உணவு. ஒகேனக்கல்லில் ஆற்றோரம் அடுப்பு மூட்டி மீன் வறுக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அதிகாரம் கண்முன் விரியும்.

சீடர்கள் இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வருகிறார்கள். கரையில் கரிநெருப்பு. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். கரிநெருப்புக்கு யோவான் எழுதிய கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று இங்கே. மற்றொன்று 18-ஆம் அதிகாரத்தில், தலைமைக் குருவின் முற்றத்தில், குளிருக்குப் பேதுரு கை காய்ச்சிக்கொண்டே "நான் அவருடைய சீடன் அல்ல" என்று மறுத்த இடத்தில். அதே கரி, அதே புகை, அதே வாடை. கரையேறிய பேதுருவின் மூக்கில் முதலில் ஏறியது எதுவாக இருக்கும்? இயேசு அதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. "சாப்பிட வாங்க" என்கிறார். சாப்பிட்டு முடிந்த பிறகே "யோவானின் மகன் சீமோனே, நீ என்னை அன்பு செய்கிறாயா?" என்ற கேள்வி. மூன்று முறை மறுத்தவனிடம் மூன்று முறை. ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் ஒரு வேலை: என் ஆடுகளை மேய்.

ஷ்ரைட்டர் இதில் நான்கு கட்டங்களைப் பார்க்கிறார். உடனிருத்தல், விருந்தோம்பல், அறுந்ததைக் கோத்தல், பொறுப்பு ஒப்படைத்தல். மூன்றாவது கட்டத்துக்கு நேராகத் தாவுவதுதான் நம் ஊர்ப் பஞ்சாயத்து.

உடனிருத்தலை எப்படிச் செய்வது? அன்பியத்திலிருந்து (பங்கில் அக்கம்பக்கத்து வீட்டார் கூடும் குழு) ஐந்தாறு பேர் போதும். இரு தரப்புத் தெருவையும் சேர்ந்தவர்கள் அதில் இருக்க வேண்டும், பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். காயப்பட்டவரைப் பார்க்க இரண்டு பேர் போகலாம். மூன்றாவது ஆள் போனால் அது விசாரணைபோல ஆகிவிடும். ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு பிடித்து உட்காரவைப்பது நல்லதல்ல. வாரம் முழுக்க பெங்களூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுச் சனி இரவு வந்தவருக்கு அந்த ஒரு பகல்தான் வீடு. மாலைப் பால் ஊற்றிவிட்டு வந்தபின், ஏழு மணிக்கு மேல், அவர் சொல்லும் இடத்தில். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். செல்போனில் பதிவு கூடாது, நோட்டுப் புத்தகம் கூடாது. எழுதத் தொடங்கியதும் பேசுபவர் சாட்சிபோலப் பேச ஆரம்பித்துவிடுவார்.

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் வீட்டு மொழி தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கும். வலியை வீட்டு மொழியில்தான் சொல்ல முடியும். தமிழில் சொல்லச் சொன்னால் சுருக்கிச் சொல்லிவிடுவார்கள். குழுவில் அந்த மொழி தெரிந்தவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

குறைந்தது மூன்று முறை போக வேண்டும். முதல் முறை கதை முன்பின்னாக வரும், வருஷம் மாறும், நடுவில் வேறு யாரையோ திட்டுவார். திருத்த வேண்டாம். இரண்டாம் முறையும் ஏறக்குறைய அதே கதை. "இதைத்தான் போன வாரமே சொன்னீங்களே" என்று ஒரு சொல் விழுந்தால் கதவு அடைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பச் சொல்வதில்தான் கதை மெல்ல மாறுகிறது. மூன்றாம், நான்காம் முறையில் இதுவரை வராத ஒரு விவரம் நுழையும். அன்றைக்கு அம்மா சமைத்து வைத்த களி அப்படியே இருந்தது, அன்றைக்குப் பிறகு தங்கச்சி அந்தப் பாதையில் நடந்ததே இல்லை, இப்படி ஏதாவது. பெரும்பாலும் இழப்பின் உண்மையான இடம் அதுதான். "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைத் தவிர்க்கவும். "ஏன் அப்பவே சொல்லல?" என்பது குற்றச்சாட்டு. மூன்று கேள்விகள் போதும்: என்ன நடந்தது, அதுக்கப்புறம் எது மாறிப்போச்சு, எது திரும்பக் கிடைக்கணும்.

மறுதரப்பையும் கேட்க வேண்டும், ஆனால் வேறு இருவர், வேறு நாளில். ஒரே ஆட்கள் இந்த வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து அந்த வீட்டுத் திண்ணையில் உட்காருவதைத் தெருவே பார்க்கும். இங்கே சொன்னது அங்கே போகிறது என்ற சந்தேகம் ஒருமுறை வந்தால் அந்த வருஷ வேலை போச்சு.

கேட்கும்போது சில காரியங்கள் வெளிவரும், அவற்றைக் குழு கையில் எடுக்கவே கூடாது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012 போக்ஸோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்கள் உண்டு. மனைவியை அடிக்கும் கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசுவது ஆபத்து. வீட்டுக்குப் போனதும் பேசியதற்கே அடி விழும். சாதி வன்கொடுமை, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் (1989) கீழ் வரும் குற்றம். அதை "கோயில்லயே பேசி முடிச்சுக்கலாம்" என்று அமுக்குவது ஷ்ரைட்டர் சொன்ன இரண்டாவது போலி. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. பாதுகாப்பு வந்த பிறகுதான் நினைவைப் பேச முடியும், நினைவைப் பேசிய பிறகுதான் நம்பிக்கை. பாதுகாப்பு, நினைவு, நம்பிக்கை ஆகிய மூன்றுக்கும் இடம் கொடுக்கும் சமூகங்களை உருவாக்க வேண்டும் என்பது ஷ்ரைட்டருடைய பிற்கால எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருவது.

பங்குத்தந்தை நடுவராக உட்காரலாமா? கூடாது என்பது எங்கள் திடமான கருத்து. ஊரில் பாதிப்பேர் அவரிடமே பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்தவர்கள். அங்கே கேட்டதை வெளியே சொல்வது இருக்கட்டும், அதை வைத்து எதையும் நடத்தவே திருச்சபைச் சட்டம் 984 தடை விதிக்கிறது. அவர் மனசாட்சிக்கு உண்மையாக இருந்தாலும், "சாமியார்கிட்ட நான் சொன்னத வெச்சுத்தான் இப்படிப் பேசறார்" என்ற நினைப்பைத் தடுக்க முடியாது. அவர் செய்ய வேண்டியது குழுவுக்கு ஆன்மிகத் துணையாக இருப்பது. வாரம் ஒருமுறை குழு கூடும்போது முதலில் இருபது நிமிடம் மௌனம். ஜெபமாலை, பாட்டு, வாசகம் எதுவும் வேண்டாம், சும்மா இருப்பது. ஆரம்பத்தில் ஐந்து நிமிடத்திலேயே ஒருவர் இருமுவார், ஒருவர் வாட்ஸ்அப்பைப் பார்ப்பார். விடாமல் செய்தால் இரண்டு மாதத்தில் பழகும். ஷ்ரைட்டர் ஒப்புரவுப் பணியாளர்களுக்கு ஆழ்நிலைத் தியான செபத்தை வற்புறுத்தினார். அதன் காரணம் நடைமுறையில் விளங்கும். தன் மௌனத்தைத் தாங்க முடியாதவர், காயப்பட்டவர் பேச்சை நிறுத்தி அழும் அந்த இரண்டு நிமிடத்தைத் தாங்க மாட்டார். உடனே ஆறுதல் சொல்லிக் கெடுத்துவிடுவார்.

இனி விருந்தோம்பல். இது தேநீர் கொடுப்பதுதான், ஆனால் இந்த மண்ணில் தேநீர் சாதாரணக் காரியமாக இருந்ததில்லை. இரட்டைக் குவளையை மறக்காத தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே, எல்லோருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர், ஒரே தட்டில் வர வேண்டும். காகிதக் கப் சுத்தமானது, வசதியானது என்று வாங்கிவிடுவார்கள். ஆனால் கழுவ வேண்டாத கப் என்பதற்கு இங்கே ஒரு பழைய அர்த்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் ஊற்றுகிறார், யார் கழுவுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். தினமும் கழுவுகிற அதே தெருப் பெண்களிடம் டம்ளர்களைத் தள்ளிவிட்டால் உள்ளே பேசியது அத்தனையும் வெளியே பொய்யாகிவிடும். ஒருவர் டம்ளரை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தால் அன்றைக்கு முக்கியப் பேச்சைத் தொடங்க வேண்டாம். அடுத்த வாரம் பார்க்கலாம்.

இடம் கோயில் பீடத்தின் முன்னாலும் வேண்டாம், ஊர்ப் பஞ்சாயத்து நடக்கும் மரத்தடியும் வேண்டாம். பள்ளிக்கூட வகுப்பறை நல்லது. பெஞ்சை ஓரம் தள்ளி, ஒரே உயர நாற்காலிகள், வட்டமாக. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் கூட்டமாகிவிடும், கூட்டத்தில் மனிதர் தன் மானத்தைக் காக்கவே பேசுவார். மைக், மாலை, சால்வை, போட்டோ ஒன்றும் வேண்டாம். கதவுக்குப் பக்கத்து இருக்கை காயப்பட்டவருக்கு. எழுந்து போக வேண்டும் என்று தோன்றினால் யாரையும் தாண்டாமல் போக முடிய வேண்டும். இது சின்ன விஷயம்தான், ஆனால் அவர் கடைசிவரை உட்காருவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

அறுந்ததைக் கோக்கும் சந்திப்புக்கு நாள் குறிப்பது காயப்பட்டவர். வரவே விருப்பமில்லை என்றால் சந்திப்பு இல்லை, அதைத் தோல்வியாக எண்ணவும் வேண்டாம். மனிதர் தனக்குள் மீண்டு வருவதும் ஒப்புரவின் ஒரு பாகம் என்று ஷ்ரைட்டர் பிரித்துக் காட்டுகிறார். சமூக ஒப்புரவு வேறு, தனியாள் ஒப்புரவு வேறு. இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை.

சந்தித்தால் இரண்டு மணி நேரம் போதும். காயப்பட்டவர் தாமே முதலில் பேசுவதா, கேட்பதா என்று அவரே தீர்மானிப்பார். குறுக்கிடாமல் கால்மணி நேரம் ஒருவர் பேச, மற்றவர் "நீங்க சொன்னதுல நான் கேட்டது இது" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளத் தேவையில்லை, கேட்டதைச் சொன்னால் போதும். மிகக் கடினமான இடம் இதுதான். பலர் இரண்டாம் வாக்கியத்திலேயே "ஆனா" என்று தொடங்குவார்கள். நடத்துபவர் அங்கே மெதுவாக நிறுத்தி மறுபடி கேட்கலாம். "தெரியாம நடந்துபோச்சு", "மனசு நொந்திருந்தா மன்னிச்சுக்குங்க" என்பவை வருத்தம் சொல்வதாக ஆகாது. செய்த காரியத்தின் பெயரைச் சொல்ல வேண்டும்: "வரப்ப வெட்டி நாலடி உள்ள வந்தேன்." அதனால் எதிராளிக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். என்ன செய்து தருகிறேன் என்று சொல்ல வேண்டும்.

ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து மூன்று பழக்கங்கள் தாமாக உள்ளே வரும். காலில் விழச் சொல்வது ஒன்று. தவறு செய்தவரை எல்லோர் முன்பும் தரையில் விழவைத்தால் அன்றிலிருந்து அவரும் காயப்பட்டவர், பகை மறுபடி விதைக்கப்பட்டாயிற்று. அடுத்தது விவிலியத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வைப்பது. பயத்தில் சொல்லும் சொல் ஆறு மாதம் தாங்காது. மூன்றாவது அபராதம். ஆயிரமோ பத்தாயிரமோ போட்டு அதைக் கோயில் நிதிக்குக் கட்டச் சொல்வார்கள். இழந்தவர் ஒருவர், வாங்கிக்கொள்பவர் இன்னொருவரா? ஈடு முழுவதும் இழந்தவருக்கே போக வேண்டும். நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவரான சக்கேயு நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னது, ஏமாற்றப்பட்டவர்களுக்கு.

நிலச் சண்டையாக இருந்தால் பேச்சுக்கு முன்னாலேயே காகிதம் வேண்டும். சிட்டா, புலப்படம் எடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்துச் சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகு உட்கார்ந்தால் பாதி கோபம் தானாகக் குறையும். அளக்காமல் மனதை மட்டும் இளக்கினால், அளந்த அன்றைக்குப் பழையபடி ஆகும். பாகமோ பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலையோ வாய்ப்பேச்சில் நிற்காது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்தைப் பதிவு செய்யலாம். அது தீர்ப்பாணைக்குச் சமம், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும். ஆன்மிகம் பேசுபவர்கள் இந்தக் காகித வேலையை மட்டமாக நினைக்கக் கூடாது. கரையில் மீன் சுட்டதும் ஆன்மிகம்தான்.

நாலாவது கட்டமான பொறுப்பு ஒப்படைத்தல் பெரும்பாலும் விட்டுப்போகிறது. பேதுருவை மன்னித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அவன் காலமெல்லாம் மன்னிக்கப்பட்டவனாக மட்டுமே இருந்திருப்பான். கையில் ஆட்டுமந்தை கிடைத்தது. மீண்டு வந்தவருக்கு இன்னொருவரின் காயத்தைக் கேட்கும் தகுதி வந்துவிடுகிறது. அடுத்த குழுவில் அவரைச் சேர்ப்பதே முறை. ஆனால் ஒரு வருஷமாவது போகட்டும், அதுவும் அவரே விரும்பினால். திருவிழா மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லவைப்பது வேறு காரியம். அது அவர் கதையைப் பிடுங்கிக்கொள்வது.

தமிழில் இந்தப் பணிக்கு நமக்குக் கிடைத்திருக்கும் சொல் அழகானது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தை மொழிபெயர்த்தவர்கள், கத்தோலிக்கரானாலும் சீர்திருத்த சபையாரானாலும், ஒப்புரவு என்ற சொல்லையே எடுத்தார்கள். திருக்குறளில் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கே அதன் பொருள் ஊரோடு ஒத்து, ஊருக்கு உதவி வாழ்வது. ஊருணி நிறைந்தாற்போல என்பார் வள்ளுவர். பகை தீர்ந்ததா என்பதை இந்தப் பொருளில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் பொதுவாயிற்றா?

அதனால், சந்திப்பு முடிந்த முப்பதாம் நாள், மூன்றாம் மாதம், ஒரு வருஷம் என மூன்று முறை குழு போய்ப் பார்க்க வேண்டும். மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் யாருக்கும் நேரமிருக்காது, அதை விட்டு நாள் குறிக்கவும். கிணற்றுத் தகராறில் முதல் சோதனை அடுத்த பட்டத்தின் முதல் முறைத்தண்ணீர். முறையை நாள் கணக்கில் பிரித்தால் நிச்சயம் உடையும். தன் நாளில் த்ரீ ஃபேஸ் கரண்ட் வராவிட்டால் அடுத்தவர் நாளில் கை வைக்கத்தான் தோன்றும். மோட்டார் ஓடிய மணிக்கணக்கில் பிரிக்க வேண்டும். ஓடிய நேரத்தைப் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் தொங்கவிட்ட அட்டையில் இரு வீட்டாரும் எழுதுவார்கள். பூட்டு இருக்கட்டும், அதை எடுக்கச் சொல்ல வேண்டாம். சாவி மூன்று செய்து, இரு வீட்டுக்கும் ஒவ்வொன்று, மூன்றாவது சாவி இருவரும் ஒப்புக்கொள்ளும் பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டில்.